இரவெல்லாம் அடைபடும் தொண்டை

1980 ஜூன் மாதம். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்திருந்தார். தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்றுபோகும் நோய், அதுவும் முற்றிய நிலையில். அதற்கு அந்தக் காலத்தில் உறுதியான சிகிச்சை ஒன்றே ஒன்றுதான் இருந்தது: கழுத்தின் முன்பக்கம் மூச்சுக்குழலில் துளை போட்டுக் குழாய் பொருத்துவது. பகலில் துளையை மூடிக்கொள்ளலாம். இரவில் திறந்துவிட வேண்டும். நோயாளிக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் சல்லிவன் புதிதாகச் செய்து பார்க்க நினைத்த ஒரு சோதனைக்கு ஓர் இரவு படுத்துக்கொடுக்கச் சம்மதித்தார்.

கருவி கைவேலையில் உருவானது. வாக்குவம் கிளீனர் மோட்டார் ஒன்றைக் காற்றை இழுப்பதற்குப் பதிலாக ஊதும்படி சல்லிவன் மாற்றியிருந்தார். அந்தக் காற்று ஒரு குழாய் வழியாக, மூக்கின் வடிவத்துக்கு வார்த்த முகமூடிக்குள் சென்றது. முகமூடியை சிலிகான் பசையால் முகத்தோடு ஒட்டவேண்டியிருந்தது. நோயாளி தூங்கி, மூச்சு அடைபடத் தொடங்கியதும் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினார்கள். அடைப்பு விலகியது. அழுத்தத்தைக் குறைத்ததும் திரும்ப வந்தது; ஏற்றியதும் மறுபடி விலகியது. அந்த மனிதர் பல ஆண்டுகளாக அறியாத ஆழ்ந்த தூக்கத்துக்குள் போனார். மறு ஆண்டு லான்செட் இதழில் ஐந்து நோயாளிகளின் அனுபவத்தோடு கட்டுரை வெளிவந்தது. இன்று உலகெங்கும் படுக்கையோரத்தில் இருக்கும் சிபாப் கருவியின் பிறப்பு அதுதான்.

நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. மோட்டார் உள்ளங்கையளவு சுருங்கிவிட்டது, சத்தம் அடங்கிவிட்டது, பசை போய் மென்மையான சிலிகான் மெத்தை வந்துவிட்டது. சிபாப் தவிர பல்மருத்துவர் செய்துதரும் கவசம், தாடை அறுவை, நாக்கு நரம்பைத் தூண்டும் கருவி, வாரம் ஒரு ஊசி, தசைப்பயிற்சி, சங்கு ஊதுவது வரை வழிகள் பெருகிவிட்டன. இவற்றில் எது நல்லது என்ற கேள்வியைவிட, இந்தத் தொண்டை எதனால் அடைபடுகிறது, இந்த மனிதர் எதை இரவுதோறும் தாங்கிக்கொள்வார் என்ற இரண்டு கேள்விகளே முக்கியம். சிகிச்சை தோற்ற கதைகளைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலும் இவற்றில் ஒன்றை யாரும் கேட்காமல் விட்டிருப்பது தெரியும்.

நடப்பது இதுதான். விழித்திருக்கும்போது தொண்டையைத் திறந்து வைத்திருப்பவை தசைகள். தூக்கத்தில் அவை தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. மென்மையான மேலண்ணமும் உள்நாக்கும் தொய்கின்றன. வழி குறுகினால் அவை அதிர்ந்து குறட்டையாகின்றன; முழுக்க மூடினால் சத்தமே நின்றுவிடுகிறது. மார்பும் வயிறும் மூச்சுக்குப் போராடும், காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி ஒரு கணம் எழுப்புகிறது. பெருமூச்சோடு வழி திறக்கிறது. திரும்பவும் தூக்கம், திரும்பவும் அடைப்பு. எழுந்தது காலையில் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ கணிசமாகக் குறைந்தாலோ அதை ஒரு நிகழ்வாக எண்ணுகிறார்கள். மணிக்கு ஐந்துக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. மணிக்கு அறுபது என்றால் நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் கழுத்தை நெரித்து விடுவிப்பதுபோல. அதன் விளைவுதான் மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், காலைத் தலைவலி, பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் சொருகுவது.

நம் வீடுகளில் இன்னும் "அசந்து தூங்குறார், குறட்டையைக் கேளு" என்கிறோம். குறட்டையை நல்ல தூக்கத்தின் அடையாளமாக எண்ணும் இந்தப் பழக்கம் பல பேரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் இந்தித் திரையிசை அமைப்பாளர் பப்பி லஹிரி 69 வயதில் மும்பையில் இறந்தபோது, மருத்துவர்கள் சொன்ன காரணம் இந்த நோய்தான். சில நாள் நோயின் பெயர் செய்திகளில் அடிபட்டது, பிறகு மறைந்துபோனது. 2023-இல் எய்ம்ஸ் ஆய்வாளர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, உழைக்கும் வயதில் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்றும், அவர்களில் 4 கோடியே 70 லட்சம் பேருக்கு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருக்கலாம் என்றும் தெரிந்தது.

பருத்தவர்களுக்கு மட்டும்தான் வரும் என்பதும் தவறு. கழுத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பு பெரிய காரணம்தான். ஆனால் கீழ்த்தாடை சிறுத்து உள்வாங்கியிருந்தால், ஒல்லியாக இருப்பவருக்கும் நாக்குக்கு இடம் போதாது. ஆசியர்களுக்கு உடல் எடை அதிகமில்லாமலே இந்த நோய் வருவதற்கு முக அமைப்பும் ஒரு காரணம். பெண்களிடம் அது வேறு முகத்தோடு வருகிறது: சத்தமான குறட்டைக்குப் பதில் தூக்கமின்மை, ஓயாத அசதி, தலைவலி, மனச்சோர்வு. மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து கூடுகிறது. தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் பரிசோதித்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்று திருப்பி அனுப்பப்படும் அம்மாக்களிடம் இரவு எப்படித் தூங்குகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சிபாப்புக்குத் திரும்புவோம், ஏனென்றால் இன்றும் எல்லா வழிகளும் அதோடுதான் ஒப்பிடப்படுகின்றன. அது மருந்து தருவதில்லை, ஆக்சிஜன் சிலிண்டரும் அல்ல. அறைக்காற்றைத்தான் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தத்துக்குள் ஊதுகிறது. சைக்கிள் ட்யூபில் காற்று அடைத்தால் சுவர் ஒட்டாமல் நிற்பதுபோல, தொண்டை திறந்தே இருக்கிறது. சரியான அழுத்தத்தில் போட்டால் முதல் இரவே நிகழ்வுகள் ஐந்துக்குக் கீழே போய்விடும். இந்த அளவுக்கு உடனடியாக வேலைசெய்யும் சிகிச்சைகள் மருத்துவத்தில் குறைவு.

போட்டால்தான். அதுதான் சிக்கல். அமெரிக்க மெடிகேர் காப்பீட்டு விதி, இரவுக்கு 4 மணி நேரம், பத்தில் ஏழு இரவுகள் போட்டாலே ஒருவரை ஒழுங்காகப் பயன்படுத்துபவர் என்று ஏற்கிறது. எட்டு மணி நேரத் தூக்கத்தில் பாதி போதும் என்று சொல்லும் அளவுக்கு எதிர்பார்ப்பு இறங்கிவிட்டது. 2016-இல் வெளிவந்த 'சேவ்' ஆய்வில் இந்தியா உட்பட ஏழு நாடுகளிலிருந்து, ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ கண்ட 2,717 பேர் இருந்தார்கள். சிபாப் பெற்றவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் அணிந்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பகல்தூக்கம் குறைந்தது, மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அந்த ஆய்வை வைத்துச் சிபாப் பயனற்றது என்று எழுதியவர்கள் உண்டு. பகல்தூக்கம் கடுமையாக இருந்தவர்களை அதில் சேர்க்கவே இல்லை என்பதையும், சராசரி அணிந்த நேரத்தையும் சேர்த்துப் படித்தால் அந்த முடிவுக்கு வர முடியாது. ஆனால் இதயத்தைக் காக்கும் என்று உறுதி சொல்லிக் கருவியை விற்பதும் நேர்மையல்ல.

ஏன் கழற்றிவிடுகிறார்கள்? வாய் காய்கிறது, மூக்கு அடைக்கிறது, முகமூடியின் ஓரத்தில் கசியும் காற்று கண்ணில் அடிக்கிறது, மூச்சை வெளிவிடத் திணறுகிறது, வார்கள் கன்னத்தில் தடம் பதிக்கின்றன. 2023 ஜூனில் அமெரிக்க அதிபர் ஜோ பைடன் முகத்தில் தெரிந்த கோடுகளைப் பார்த்துச் செய்தியாளர்கள் கேட்டபோதுதான், அவர் இந்தக் கருவி போட்டுத் தூங்குவதை வெள்ளை மாளிகை சொன்னது. நம் ஊரில் மின்வெட்டும் சேர்ந்துகொள்கிறது. இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத அறையில் நள்ளிரவில் மின்சாரம் போனால் முகமூடியோடு விழித்து உட்கார வேண்டும். இத்தனைக்கும் தீர்வு உண்டு. ஈரப்பதம் கூட்டும் நீர்த்தொட்டி வாய் காய்வதைக் குறைக்கும். மூக்கை மட்டும் மூடுவது, நாசித் துளையில் செருகுவது, வாயையும் சேர்த்து மூடுவது என முகமூடிகளில் வகைகள் இருக்கின்றன. அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

நம்பிக்கையைக் குலைத்த நிகழ்வு ஒன்றும் நடந்தது. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகளில் சத்தத்தைக் குறைக்க வைத்திருந்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து துகளாகிக் காற்றுக்குழாய்க்குள் போகலாம் என்று அறிவித்து, உலகெங்கும் பல லட்சம் கருவிகளைத் திரும்பப் பெற்றது. பழைய கருவியைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் அதன் மாடலையும் ஆண்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்தது பல் வழி. மேல்பல், கீழ்பல் இரண்டையும் கவ்வும் கவசம் ஒன்றைச் செய்து, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னுக்கு இழுத்து வைப்பார்கள். தாடை முன்னே வந்தால் நாக்கும் கூடவே வரும். மின்சாரம் வேண்டாம், சத்தமில்லை, சட்டைப்பையில் போட்டுப் பயணம் போகலாம். நிகழ்வுகளை அது சிபாப் அளவுக்குக் குறைக்காது. ஆனால் 2013-இல் சிட்னி ஆய்வாளர்கள் இரண்டையும் ஒரே நோயாளிகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது ஒரு மாத முடிவில் ரத்த அழுத்தத்திலும் பகல்தூக்கத்திலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கவசத்தை அவர்கள் கூடுதல் நேரம் அணிந்திருந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒருவருக்கு மணிக்கு 40 நிகழ்வுகள் என்று வைத்துக்கொள்வோம். சிபாப் அதை 2-ஆக்குகிறது. ஆனால் ஏழு மணி நேரத் தூக்கத்தில் பாதி நேரம்தான் அவர் போடுகிறார். இரவு முழுமைக்கும் சராசரி 21. கவசம் 16 வரைதான் இறக்குகிறது. ஆனால் ஆறரை மணி நேரம் வாயில் இருக்கிறது. சராசரி 18-க்குள் வந்துவிடுகிறது. ஆய்வுக்கூட அறிக்கையில் வெல்லும் கருவி படுக்கையறையில் தோற்பது இப்படித்தான். லேசான, நடுத்தர நோய்க்கும், சிபாப்பை எவ்வளவு முயன்றும் ஏற்க முடியாதவர்களுக்கும் இது நல்ல வழி. தாடை மூட்டில் வலி வரலாம், ஆண்டுக்கணக்கில் பற்கள் இடம் மாறலாம் என்பதால் பழகிய பல்மருத்துவர் அளவெடுத்துச் செய்ய வேண்டும், கவசம் போட்ட பிறகு மறுபடி ஒரு தூக்கப் பரிசோதனையும் வேண்டும். வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் ஆன்லைன் கவசங்களும், மூக்கில் மாட்டும் காந்தக் கிளிப்புகளும் இதற்கு ஈடாகாது.

அறுவையின் வரலாறு ஏமாற்றத்தில் தொடங்கியது. 1981-இல், சல்லிவன் கட்டுரை வந்த அதே ஆண்டில், டெட்ராய்ட்டின் ஷிரோ ஃபூஜிதா உள்நாக்கையும் தொய்ந்த அண்ணச் சதையையும் வெட்டிச் சீரமைக்கும் முறையை வெளியிட்டார். அது வேகமாகப் பரவியது. 1996-இல் அதுவரை வந்த முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பாதிப்பேருக்குக்கூடப் போதிய பலன் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. காரணம் எளிது: நாக்கின் அடியில் அடைபடுபவருக்கு உள்நாக்கை வெட்டி என்ன பயன்? பிறகுதான், மருந்து கொடுத்துத் தூங்கவைத்து மெல்லிய கேமராவை உள்ளே விட்டு எந்த இடம் எப்படி மூடுகிறது என்று பார்க்கும் முறை வந்தது. இன்று இதைப் பார்க்காமல் தொண்டையில் கத்தி வைப்பதை ஏற்க முடியாது.

கழுத்துத் துளையை விட்டுவிட்டால் வலுவான அறுவை தாடையில் செய்வது. மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் வெட்டி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் முன்னே நகர்த்தித் தகடு வைப்பார்கள். நூற்றுக்கு 85 பேருக்கு நிகழ்வுகள் பாதிக்கு மேல் குறைகின்றன. முகத்தின் தோற்றம் மாறும், உதட்டில் உணர்ச்சி மங்கலாம், தேறிவர வாரங்கள் ஆகும். சிறிய தாடையோடு இளம் வயதிலேயே கடுமையான நோய் கண்டவர்கள் இதை யோசிக்கலாம். மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்வது நோயைத் தீர்க்காது. ஆனால் சிபாப் காற்று உள்ளே போக வழிவிட்டு, கழற்றி எறிந்தவரைத் திரும்ப அணியவைக்கும். அந்தச் சின்ன அறுவையின் மதிப்பு அதில் இருக்கிறது.

2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஸ்பயர் கருவி வேறொரு திசையில் போனது. இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர்போல மார்பில் பதித்து, நாக்குக்குப் போகும் நரம்பில் மின்முனை ஒன்றைச் சுற்றுகிறார்கள். மூச்சிழுக்கும் ஒவ்வொரு தடவையும் நாக்கு லேசாக முன்னே வருகிறது. 126 பேரிடம் ஓராண்டு பார்த்தபோது நிகழ்வுகளின் இடைநிலை எண்ணிக்கை மணிக்கு 29.3-இலிருந்து 9-ஆக இறங்கியது. அவர்கள் எல்லோரும் சிபாப் ஒத்துவராதவர்கள், மிகப் பருமன் இல்லாதவர்கள், தொண்டை சுற்றிலும் ஒருசேர மூடாதவர்கள். அந்தத் தேர்வைச் சொல்லாமல் இந்த எண்ணை மட்டும் சொல்லக்கூடாது. செலவும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது.

குழந்தைகளின் கதை தனி. வாயைத் திறந்து தூங்கும், குறட்டை விடும், படுக்கையை நனைக்கும், வகுப்பில் கவனம் சிதறும் பிள்ளைக்கு டான்சிலும் மூக்கடிச் சதையும் பெருத்திருக்கலாம். 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் 464 பேர். டான்சிலையும் அந்தச் சதையையும் அகற்றும் அறுவை செய்தவர்களில் 79 விழுக்காட்டினருக்கு ஏழு மாதத்தில் தூக்கம் இயல்பானது. பொறுத்திருந்து பார்த்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கு அறுவை இல்லாமலே இயல்பானது. நடத்தையும் வாழ்க்கைத் தரமும் அறுவைக்குப் பின் கூடுதலாக மேம்பட்டன. கவனத்தை அளக்கும் தேர்வில் மட்டும் இரு குழுவும் ஒன்றுபோலவே இருந்தன. ஆகவே லேசான நோய் என்றால் சில மாதம் கவனித்துப் பார்க்க இடமிருக்கிறது. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பரிசோதனையே செய்யாமல் விடுவது வேறு விஷயம்.

எடை. விஸ்கான்சினில் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2000-இல் சொன்னது: எடை 10 விழுக்காடு ஏறினால் நிகழ்வுகள் சுமார் 32 விழுக்காடு ஏறும், 10 விழுக்காடு இறங்கினால் 26 விழுக்காடு இறங்கும். எல்லா மருத்துவர்களும் எடையைக் குறை என்றுதான் சொல்லி வந்தார்கள். எப்படிக் குறைப்பது என்பதில்தான் நோயாளி தனியாக விடப்பட்டார். சரியாகத் தூங்காதவருக்குப் பசியும் அதிகம், நடக்கத் தெம்பும் குறைவு. அவரையே குறை சொல்வது அநீதி. 2024-இல் எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசியின் ஆய்வு முடிவுகள் வந்தபோது நிலைமை மாறியது. பருமனும், மணிக்குச் சராசரி 50 நிகழ்வுகளும் உள்ள 469 பேர். 52 வாரத்தில் ஊசி போட்டவர்களுக்கு எடை 18 முதல் 20 விழுக்காடு வரை குறைந்தது. நிகழ்வுகள் மணிக்கு 25 முதல் 29 வரை குறைந்தன. போலி ஊசி பெற்றவர்களுக்கு ஐந்து சொச்சம்தான் குறைந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பருமனோடு வரும் இந்த நோய்க்கென்றே அதை ஏற்றது. இந்த நோய்க்கு அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து. 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு அது மவுஞ்சாரோ என்ற பெயரில் நீரிழிவுக்கும் எடைக்குமாக வந்தது. குமட்டல், வயிற்றுப்போக்கு உண்டு. நிறுத்தினால் எடை திரும்புகிறது. ஐம்பதிலிருந்து இருபத்தைந்து குறைந்தாலும் இன்னும் இருபத்தைந்து மிச்சமிருக்கிறது என்பதால், பலர் ஊசியோடு சிபாப்பையும் தொடரவேண்டியிருக்கும்.

செலவில்லாத வழிகளை அலட்சியப்படுத்த வேண்டாம். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மல்லாந்து படுக்கும்போது நிகழ்வுகள் இரண்டு மடங்காகின்றன. பனியனின் முதுகுப்பக்கம் பை தைத்து டென்னிஸ் பந்து வைப்பது பழைய உத்தி. நன்றாகவே வேலைசெய்யும், ஆனால் மாதக்கணக்கில் தொடர்பவர்கள் குறைவு. இரவு மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். மருத்துவர் சொல்லாத தூக்கமாத்திரையும் அப்படியே. பிரேசிலில் 2009-இல் நடுத்தர நோய் உள்ளவர்களுக்கு மூன்று மாதம் நாக்கு, அண்ணம், கன்னத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்ததில் நிகழ்வுகள் மணிக்கு 22-இலிருந்து 14-க்குள் இறங்கின. சுவிட்சர்லாந்தில் 2006-இல் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜிரிடூ என்ற நீண்ட ஊதுகுழலை நான்கு மாதம் ஊதவைத்துப் பார்த்தார்கள். பகல்தூக்கம் குறைந்தது, பக்கத்தில் படுப்பவர்களின் தூக்கமும் மேம்பட்டது. 2025-இல் ஜெய்ப்பூர் மருத்துவர்கள் அதையே சங்கை வைத்துச் செய்தார்கள். 30 பேரில் ஒரு பகுதியினர் வாரம் ஐந்து நாள், குறைந்தது பதினைந்து நிமிடம், ஆறு மாதம் சங்கு ஊதினார்கள். மற்றவர்கள் ஆழ்மூச்சுப் பயிற்சி செய்தார்கள். ஊதியவர்களுக்குப் பகல்தூக்கம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நிகழ்வுகள் மணிக்கு நான்கைந்து குறைந்தன. மணிக்கு 18 உள்ளவருக்கு நான்கு பெரிது. 60 உள்ளவர் சங்கை நம்பி முகமூடியைக் கழற்றக்கூடாது.

நோயைக் கண்டுபிடிப்பதும் இப்போது முன்புபோல் கடினமில்லை. மருத்துவமனையில் ஓர் இரவு வயர்களோடு படுப்பதற்குப் பதில், பலருக்கு வீட்டிலேயே விரலிலும் மூக்கிலும் மார்பிலும் உணரிகள் மாட்டிப் பரிசோதிக்கலாம். கணவரின் மூச்சு நின்று திரும்புவதை மனைவி கைபேசியில் எடுத்த இரண்டு நிமிடக் காணொளி மருத்துவருக்கு நிறையச் சொல்லும். வேறு எந்த அறுவைக்காகப் படுத்தாலும் மயக்க மருத்துவரிடம் இந்த நோய் இருப்பதைச் சொல்லியாக வேண்டும்; டொராண்டோவின் மயக்க மருத்துவர் ஃப்ரான்சிஸ் சங் 2008-இல் எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்றை வெளியிட்டதே, நோய் தெரியாமல் அறுவை மேசைக்கு வருபவர்களுக்காகத்தான்.

கண்டுபிடித்த பிறகு நடப்பதுதான் வருத்தம் தருகிறது. சில பத்தாயிரம் ரூபாய் கொடுத்துக் கருவி வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து ஒருவர் மாட்டிக் காட்டுகிறார். அதன் பிறகு பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஒருவர் தொடர்ந்து அணிவாரா என்பது முதல் வாரத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. உதவி தேவைப்படுவதும் அப்போதுதான். சிட்னியின் அந்த முதல் நோயாளிக்கு இரவெல்லாம் பக்கத்தில் விழித்திருந்து அழுத்தத்தைத் திருகிப் பார்க்க ஆள் இருந்தது. இன்றைய கருவிகளில் அந்த ஆளின் வேலையில் பாதியை ஒரு சிறிய நினைவட்டை செய்கிறது: எத்தனை மணி நேரம் அணிந்தார், எவ்வளவு காற்று கசிந்தது, மிச்ச நிகழ்வுகள் எத்தனை என்று இரவுவாரியாக அதில் பதிவாகியிருக்கும். பத்தாம் நாள் அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகலாம். கசிவு அதிகமென்றால் முகமூடியின் அளவை மாற்றச் சொல்லலாம். மிச்சம் குறையவில்லையென்றால் அழுத்தத்தைத் திருத்தச் சொல்லலாம். இரவு ஒரு மணிக்கே தினமும் கழன்றிருந்தால் ஏன் என்று உட்கார்ந்து பேசலாம். அப்படியும் முடியவில்லையென்றால் பல் கவசத்துக்கு அளவெடுக்க எழுதித் தரக் கேட்கலாம்.